சண்டை மீன் வளர்ப்பில் தண்ணீரே முதல்

கிணறும் ஏக்கர் கணக்கில் நிலமும் உள்ளவர்களுக்கே மீன் வளர்ப்பு ஏற்றது என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. கெண்டை மீன் வளர்ப்பைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மைதான். ஆனால் வீட்டுத் திண்ணையில் ஒரு கண்ணாடித் தொட்டியையும் கொல்லைப்புறத்தில் சில சிமெண்டுத் தொட்டிகளையும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய மீன் வளர்ப்பும் உண்டு. அதுவே வண்ண மீன் வளர்ப்பு. இதில் மிகக் குறைந்த தண்ணீரைக் கொண்டு வளர்க்கக் கூடியது, 'பைட்டர்' என்று கடைகளில் அழைக்கப்படும் சண்டை மீன்.

இம்மீனைச் சிறு பாட்டிலில் அடைத்து விற்பதைப் பார்த்துவிட்டு, இதற்குச் செலவும் இல்லை, வேலையும் இல்லை என்று நினைத்துப் பலர் தொழிலில் இறங்குகின்றனர். முதல் ஈட்டுக் குஞ்சுகள் பதினைந்து நாட்களுக்குள் மடிந்து போகும்போதுதான் தவறு தெரிகிறது. எனவே இத்தொழிலைத் தொடங்க விரும்பும் சிறு விவசாயிகள், முதலில் ஒரே ஒரு மீனை ஒரு தொட்டியில் நல்ல முறையில் வைத்துப் பராமரிக்கக் கற்றுக்கொள்வது அவசியமாகும்.

நெல் வயலில் பிறந்த மீன்

சண்டை மீனின் தாயகம் தாய்லாந்து. முன்னாளில் சயாம் என்று வழங்கப்பட்ட அந்நாட்டின் நெல் வயல்கள், சதுப்பு நிலங்கள், ஆழம் குறைந்த வாய்க்கால்கள் ஆகியவற்றில் இது இயற்கையாக வாழ்கிறது. விஞ்ஞானி ரீகன் 1910-ஆம் ஆண்டில் இதற்கு 'பெட்டா ஸ்பிளென்டன்ஸ்' என்ற பெயரைச் சூட்டினார். 2019-ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வயலில் உள்ள இயற்கை மீன் மங்கலான பழுப்பு நிறமும் குட்டையான துடுப்புகளும் கொண்டது. இன்று கடைகளில் காணும் நீண்ட துடுப்புகளும் பகட்டான நிறங்களும் பல தலைமுறைகளாகப் பொறுக்கி எடுத்து இனவிருத்தி செய்ததன் பலனாகும்.

நம் நாட்டு விவசாயிகளுக்குப் பனையேறிக் கெண்டையை நன்கு தெரியும். தண்ணீர் வற்றிய பின்னும் சேற்றில் உயிரோடு கிடக்கும் மீன் அது. சண்டை மீனும் அதற்கு உறவுதான். இவ்விரண்டுக்கும் செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக, இரத்தக் குழாய்கள் நிறைந்த ஓர் உறுப்பு உண்டு. மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி இவ்வுறுப்பின் வழியாகச் சுவாசிக்கிறது. இதனால்தான் பிராணவாயு குறைந்த நீரிலும் இம்மீன் தாக்குப்பிடிக்கிறது.

இந்தத் திறமையே வளர்ப்பவரை ஏமாற்றிவிடுகிறது. காற்றைச் சுவாசிப்பதால் பிராணவாயுக் குறைவு இதைப் பாதிப்பதில்லை. ஆனால் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சு மற்ற மீன்களைப் போலவே இதையும் பாதிக்கும். கெண்டை ஒரே இரவில் செத்து மிதந்து எச்சரிக்கும். சண்டை மீனோ பல வாரங்கள் துடுப்பு கிழிந்து, நிறம் மங்கி, அடியில் படுத்துக் கிடந்து பிறகே சாகும். உயிரோடு இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. விலைக்குப் போவது நலமாக உள்ள மீன் மட்டுமே.

தொட்டி அமைத்தல்

ஓர் ஆண் மீனுக்கு ஒன்றரை அடி நீளம், பத்து அங்குல அகலம், ஓர் அடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி போதுமானது. இதில் ஒன்பது அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பினால் சுமார் 26 லிட்டர் பிடிக்கும். விளிம்பு வரை நிரப்பக்கூடாது. இம்மீன் துள்ளக்கூடியது. ஆகவே மேலே மூடி அவசியம் தேவை. மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே மூன்று அங்குலக் காற்று இடைவெளி இருக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு வர முடியாமல் போனால் மீனாக இருந்தும் இது மூச்சுத் திணறிச் சாகும்.

தொட்டியை நேர் வெயில் படாத, அதே சமயம் வெளிச்சம் உள்ள இடத்தில், சமமான உறுதியான மேசை மீது வைக்க வேண்டும். 26 லிட்டர் நீரின் எடை மட்டும் 26 கிலோ என்பதை மறக்கக்கூடாது. அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு நன்கு கழுவிய ஆற்று மணலோ சிறு கூழாங்கல்லோ பரப்பலாம். கூர்மையான கல், சிப்பி, பிளாஸ்டிக் செடி ஆகியவை துடுப்பைக் கிழிக்கும். வேலம்பாசி போன்ற நீர்ச் செடிகளே சிறந்தவை. நீரோட்டம் வேகமாக இருந்தால் நீண்ட துடுப்புள்ள மீன் களைத்துப் போகும். எனவே சிறு காற்று மோட்டாரில் இயங்கும் ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்றை மெதுவாகக் குமிழி வரும்படி வைத்தால் போதும்.

ஒரு தொட்டியில் இரண்டு ஆண் மீன்களை விடவே கூடாது. ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். ஆணையும் பெண்ணையும் கூட இனவிருத்திக் காலம் தவிர மற்ற நாட்களில் சேர்த்து வைக்கக்கூடாது.

தண்ணீர் தயாரித்தல்

ஊராட்சி மேல்நிலைத் தொட்டி நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கும். ஆகவே குழாய் நீரை அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரையும் உடனே ஊற்றாமல் ஒரு நாள் வைத்திருப்பது நல்லது. கார அமிலத் தன்மை 6.5 முதல் 7.5 வரையும், வெப்பம் 26 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரையும் இருத்தல் உகந்தது. உப்பும் காரமும் மிகுந்த கிணற்று நீர் உள்ள ஊர்களில் சுத்தமாகச் சேமித்த மழைநீரைக் கலந்து கொள்ளலாம்.

தாய்லாந்து வளர்ப்பாளர்கள் கையாளும் ஒரு முறை நம் விவசாயிகளுக்கும் எளிதானது. நாட்டு வாதுமை மரத்திலிருந்து தானாக உதிர்ந்து காய்ந்த இலையைக் கழுவி, தொட்டிக்கு ஒன்று வீதம் போட வேண்டும். நீர் தேயிலைச் சாயம் போல் நிறம் மாறும். இலையிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து நீரின் காரத்தைச் சற்றுக் குறைப்பதோடு பூஞ்சணத்தையும் ஓரளவு கட்டுப்படுத்தும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து இலையை எடுக்கக்கூடாது.

தொட்டி பழகும் காலம்

புதுத் தொட்டியில் நீர் ஊற்றிய அன்றே மீனை விடுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. வயலில் அம்மோனியம் சல்பேட் இட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுவதை விவசாயிகள் கேள்விப்பட்டிருப்பார்கள். மீன் தொட்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஏற்கெனவே மீன் வளர்ப்பவரிடமிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி வைத்தால் இக்காலம் குறையும்.

ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் பட்டு இந்நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே இரண்டு முறை அழுத்திப் பிழிந்தால் போதும். கார நீரிலும் கோடை வெப்பத்திலும் அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும் என்பதால் சித்திரை, வைகாசி மாதங்களில் கூடுதல் கவனம் தேவை.

வாரம் ஒருமுறை, தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை ரப்பர் குழாயால் அடியிலுள்ள கசடுடன் சேர்த்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே வெப்பநிலையில் உள்ள தயாரித்த நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். முழு நீரையும் ஒரே தடவையில் மாற்றுவது தவறு. வெளியேற்றும் நீரில் தழைச்சத்து இருப்பதால் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சலாம்.

உணவு

சண்டை மீன் பூச்சிகளையும் புழுக்களையும் தின்று வாழ்வது. சோறு, பிஸ்கட் ஆகியவற்றைப் போடுவது நீரைக் கெடுக்கவே உதவும். இதன் இரைப்பை ஏறக்குறைய அதன் கண்ணளவே இருக்கும் என்பதை அளவுகோலாகக் கொள்ளலாம். இதற்கென விற்கும் சிறு குருணைத் தீனியில் காலை இரண்டு மூன்று, மாலை இரண்டு மூன்று போதும். வாரத்தில் ஒரு நாள் தீனி போடாமல் விடுவது நல்லது.

டாப்னியா, மொய்னா போன்ற நீர்த்தெள்ளுகள் இம்மீனுக்கு மிகச் சிறந்த உயிர் உணவாகும். சிமெண்டுத் தொட்டியில் நீர் நிரப்பி, சிறிதளவு ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் மக்கிய சாணக் கரைசலும் ஊற்றி, நீர் இளம் பச்சையானதும் சிறிது மொய்னாவை விதையாக விட்டால் ஒரு வாரத்தில் பெருகிவிடும். இந்நீர்த்தெள்ளுகள் பூச்சிமருந்தைச் சிறிதும் தாங்கமாட்டா. மருந்து தெளித்த கையோடு தொட்டியைத் தொடுவதோ, தெளிப்பானைக் கழுவிய வாளியைப் பயன்படுத்துவதோ ஒரு தொட்டி மொய்னாவையும் மீனையும் ஒருசேர அழித்துவிடும். மீனுக்கென்று வாளி, குவளை, வலை ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

கொசுப்புழுவை இம்மீன் விரும்பித் தின்னும். ஆயினும் அதற்காக வீட்டில் நீரைத் தேக்கிக் கொசுப்புழு வளர்க்கக்கூடாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இத்தகைய நல்ல நீரிலேயே முட்டையிடுகிறது. தீனித் தொட்டிகளையும் காலியாக உள்ள ஜாடிகளையும் வலைத்துணியால் மூடி வைக்க வேண்டும்.

நோய்கள்

துடுப்பு ஓரம் கருகிக் கரைவது, உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள், பஞ்சு போன்ற பூஞ்சணம் ஆகியவை அதிகம் காணப்படும் நோய்கள். பெரும்பாலும் கெட்ட நீரோ திடீர் வெப்ப மாற்றமோ நோய்க்கு வழிவிடுகிறது. நோயுற்ற மீனைத் தனி ஜாடிக்கு மாற்றி, லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வீதம் அயோடின் சேராத கல் உப்பைக் கரைத்து விட்டு, நாள்தோறும் நீரை மாற்றி வந்தால் தொடக்க நிலையிலேயே பல நோய்கள் குணமாகும். இந்த உப்பு நீரைச் செடிகளுக்கு ஊற்றக்கூடாது. புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனியே வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றின் அருகே கொண்டுவர வேண்டும். மார்கழி, தை மாத இரவுகளில் சிறு ஜாடிகளின் நீர் வெகு சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஆகவே அவற்றை வீட்டுக்குள் வைப்பது நல்லது.

இனப்பெருக்கம்

ஒரு மீனை ஆறு மாதம் நோயின்றி வளர்த்தவர் இனவிருத்தியில் இறங்கலாம். நான்கு முதல் ஆறு மாத வயதுடைய, குறையற்ற ஆணையும் பெண்ணையும் தேர்ந்தெடுத்து, தனித்தனியே இரண்டு வாரம் உயிர் உணவு கொடுத்துத் தயார் செய்ய வேண்டும். முட்டையிடத் தயாரான பெண் மீனின் வயிறு பருத்து, உடலில் செங்குத்தான பட்டைகளும், வயிற்றின் அடியில் வெண்ணிறப் புள்ளியும் தெரியும்.

தொட்டியில் நான்கு முதல் ஆறு அங்குல ஆழத்துக்கு மட்டும் நீர் விட்டு, ஒரு காய்ந்த வாதுமை இலையை மிதக்கவிட வேண்டும். ஆணைத் தொட்டியிலும், பெண்ணை அத்தொட்டியின் நடுவே நிறுத்திய அரிக்கேன் விளக்குச் சிம்னியினுள்ளும் விட வேண்டும். சிம்னிக்குப் பதிலாக அடியும் கழுத்தும் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலையும் பயன்படுத்தலாம். பெண்ணைப் பார்த்த ஆண் இலையின் அடியில் எச்சில் கலந்த குமிழிகளால் நுரைக்கூடு கட்டும். கூடு தயாரானதும் சிம்னியை எடுத்துவிட வேண்டும். ஆண் தன் உடலை வளைத்துப் பெண்ணைத் தழுவ, முட்டைகள் உதிரும். அவற்றை ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும். ஓர் ஈட்டில் சில நூறு முட்டைகள் கிடைக்கும்.

முட்டையிட்டு முடிந்தவுடன் பெண்ணை அப்புறப்படுத்த வேண்டும். தவறினால் ஆண் அதைக் கொன்றுவிடக்கூடும். ஒன்றரை நாள் முதல் இரண்டு நாளில் முட்டைகள் பொரியும். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை ஆண் திரும்பத் திரும்பக் கூட்டில் கொண்டு சேர்ப்பது காணத்தக்க காட்சி. அடுத்த இரண்டு மூன்று நாட்களில் குஞ்சுகள் நேராக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட வேண்டும்.

முதல் பதினைந்து நாட்கள்

பெரும்பாலான குஞ்சுகள் மடிவது இப்பருவத்தில்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய வாயுள்ள குஞ்சு, பொடித்த தீனியைத் தின்னாது. தீனி அழுகி நீர் கெடும். எனவே ஜோடி சேர்ப்பதற்கு நான்கைந்து நாட்கள் முன்பே குஞ்சுக்கான உணவைத் தயார் செய்ய வேண்டும். ஒரு ஜாடி நீரில் கைப்பிடி வைக்கோலையோ ஒரு வாழைப்பழத் தோலையோ ஊறவைத்து, வாயில் மெல்லிய துணி கட்டி வைத்தால், முதலில் கலங்கிப் பிறகு தெளியும் நீரில் இன்பியூசோரியா என்னும் நுண்ணுயிரிகள் பெருகியிருக்கும். இதைத் தினமும் இருமுறை சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அன்று பொரித்த ஆர்ட்டீமியா குஞ்சுகளும், சல்லடையில் சலித்த மிகச் சிறிய மொய்னாவும் கிடைத்தால் வளர்ச்சி துரிதமாகும்.

காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு குஞ்சுக்குப் பிறந்தவுடன் இருப்பதில்லை. அது உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை குஞ்சு மற்ற மீன்களைப் போல நீரிலுள்ள பிராணவாயுவையே நம்பியுள்ளது. தாயும் தந்தையும் தாங்கிய நீரைக் குஞ்சு தாங்காததற்கு இதுவும் ஒரு காரணம். இக்காலத்தில் தொட்டியைக் கண்ணாடியால் மூடி, நீர்மட்டத்தின் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அடியில் தேங்கும் கசடை மெல்லிய குழாயால் நாள்தோறும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

வேலைக் கணக்கு

இரண்டு மாத வயதில் ஆண் குஞ்சுகள் சண்டையிடத் தொடங்கும். அப்போது ஒவ்வோர் ஆணையும் தனி ஜாடிக்கு மாற்றியாக வேண்டும். தொழிலின் உண்மையான பாரம் இங்குதான் ஆரம்பமாகிறது.

ஓர் ஈட்டில் நூறு குஞ்சுகள் தேறி, அவற்றில் 50 ஆண்கள் என்று கொள்வோம். ஜாடிக்கு 2 லிட்டர் வீதம், இரண்டு நாளைக்கு ஒருமுறை நீர் மாற்றினால் தினம் 25 ஜாடிகள், 50 லிட்டர் நீர். ஜாடி ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 50 நிமிட வேலை. ஒரு குடும்பம் இதைத் தாங்கும். ஆசைப்பட்டு ஐந்து ஜோடிகளை ஒரே சமயத்தில் சேர்த்தால் 250 ஆண் மீன்கள், தினம் 250 லிட்டர் நீர், நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை. நடவும் அறுவடையும் நெருங்கும் நாட்களில் இதற்கு யார் இருப்பார்கள்? நீர் மாற்றாமல் ஒரு வாரம் விட்டால், மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்த மீன்களின் துடுப்பெல்லாம் கரைந்து விலையற்றுப் போகும். எனவே மாதம் ஒரு ஜோடி வீதம் தொடங்கி, ஆள் பலத்துக்கு ஏற்பப் பெருக்குவதே புத்திசாலித்தனம்.

பெண் மீனுக்கு விலை குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே ஈட்டு அண்ணன் தங்கை மீன்களையே தொடர்ந்து இணைத்தால் குறைபாடுள்ள குஞ்சுகள் பெருகும். அவ்வப்போது வேறு இடத்திலிருந்து தாய் மீன்களை வாங்கிச் சேர்க்க வேண்டும்.

விற்பனையும் உதவியும்

தமிழ்நாட்டில் வண்ண மீன் வாணிபத்துக்குச் சென்னை கொளத்தூர் பெயர் பெற்றது. ஆனால் மீன் வளர்த்த பிறகு சந்தை தேடக்கூடாது. அருகிலுள்ள நகரின் கடைக்காரர்கள் எந்த இனத்தை, எந்த நிறத்தை, என்ன விலைக்கு, மாதம் எத்தனை வாங்குவார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். மீனை வாங்கிச் செல்பவரிடம் பராமரிக்கும் முறையையும் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினால், அவர் மீண்டும் தேடி வருவார். ஒரு வாரத்தில் மீனைச் சாகக் கொடுத்தவர் திரும்ப வரமாட்டார்.

2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா யோஜனா திட்டத்தில், கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கு ரூ. 3 லட்சம் அலகுச் செலவாக நிர்ணயித்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. இத்தகைய உதவிகளின் தற்போதைய விவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறியலாம். மானியத்தை எதிர்பார்த்துப் பெரிய அளவில் தொடங்குவதைவிட, கைப்பணத்தில் ஒரு தொட்டியில் பழகிய பின் விண்ணப்பிப்பதே நல்லது.

இரு எச்சரிக்கைகள். மீன்களைச் சண்டையிடவிட்டுப் பந்தயம் கட்டுவது 1960-ஆம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். விலைபோகாத மீன்களைக் கிணற்றிலோ ஏரியிலோ விடுவதும் கூடாது. அந்நிய நாட்டு மீன் நம் நீர்நிலைகளில் பெருகினால் உள்ளூர் மீன்களுக்கும் அவற்றின் உணவுக்கும் கேடு விளையும்.

நல்ல விதை, நல்ல மண் என்பது பயிருக்கு எப்படியோ, அப்படியே சண்டை மீனுக்கு நல்ல நீர். இன்று ஒரு தொட்டி வைத்து, அதன் நீரை ஆறு மாதம் ஒழுங்காகப் பேணிப் பழகும் குடும்பம், பிறகு ஐம்பது ஜாடிகளையும் தடுமாறாமல் பார்த்துக்கொள்ளும். அதுவரை இரண்டாவது ஜோடிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.